கடைசியாகச் செய்த தேதி

பிப்ரவரி 3

அன்புள்ள அண்ணனுக்கு,

இங்கே நாங்கள் நலம். நீயும் அண்ணியும் எப்படி இருக்கிறீர்கள்? போன வாரம் போனில் "அண்ணிக்கு முழங்கால் வலி எப்படி இருக்கு?" என்று கத்தினேன். நீ "ஆமாம், இங்கேயும் நல்ல மழைதான்" என்றாய். அப்போதே முடிவு பண்ணிவிட்டேன், இனி உனக்குக் கடிதம்தான். காகித மெஷின் பக்கத்திலேயே நின்று நின்று காதை அதற்குக் கொடுத்துவிட்டாய். கைபேசியில் செய்தி அனுப்பினால் அதற்கும் பதில் கிடையாது, ஒரு எழுத்தை அழுத்தினால் மூன்று விழுகிறது என்கிறாய். சரி, தாளும் பேனாவும் எடுத்துவிட்டேன். காகித ஆலைக்காரன் தாளுக்குப் பஞ்சம் என்று சொல்ல முடியாது, ஒழுங்காகப் பதில் போடு.

விஷயத்துக்கு வருகிறேன். உங்கள் முதலாளி எங்கள் கம்பெனிக்கு எழுதியிருக்கிறார். எந்த மெஷினுக்கு எப்போது பராமரிப்பு என்று தேதி போட்டுச் சொல்ல ஒரு சாஃப்ட்வேர் வேண்டுமாம். எதை எடுப்பது என்பதைப் பராமரிப்புப் பொறுப்பாளரே முடிவு செய்வார் என்று ஒரு வரி. படித்ததும் சிரித்துவிட்டேன். அந்தப் பொறுப்பாளரின் கையெழுத்து எனக்குப் பள்ளிக்கூட ரிப்போர்ட் கார்டிலிருந்தே தெரியுமே!

நீ என் அண்ணன் என்று இங்கே யாரிடமும் சொல்லவில்லை. நீயும் அங்கே சொல்லாதே. சொந்தத்துக்காகக் கொடுத்தான், வாங்கினாள் என்று பேச்சு வரும். இந்த ஆலையை நல்லபடியாக ஓட்டிக் காட்டினால் என்னைப் பிரிவுத் தலைவியாகப் போடுவார்கள். அதற்காக எங்களுடையதைத்தான் எடு என்று சொல்லவில்லை. பார்த்துச் சொல். என் வீட்டுக்காரர் உன்னை விசாரித்தார்.

உன் வாலு

·

பிப்ரவரி 14

அன்புள்ள வாலுக்கு,

கடிதம் கிடைத்தது. அண்ணிக்கு முழங்கால் அப்படியேதான் இருக்கிறது. படி ஏறும்போதெல்லாம் என்னைத் திட்டுகிறாள். எனக்குக் கேட்காது என்ற தைரியத்தில் கொஞ்சம் கூடுதலாகவே திட்டுகிறாள் என்று நினைக்கிறேன்.

இப்போது எங்களிடம் இருப்பது ஒரு மரப்பலகை. பட்டறைச் சுவரில் மாதத்துக்கு ஒரு கொக்கி அடித்திருக்கிறோம். வேலைக்கு ஒரு அட்டை. வேலை முடிந்ததும் அட்டையைக் கழற்றி, அடுத்து எந்த மாதம் வர வேண்டுமோ அந்தக் கொக்கியில் மாட்டிவிடுவோம். கரண்ட் போனாலும் பலகை ஓடும். ஆனால் முதலாளிக்கு அதைக் கண்டாலே ஆகாது. "என்னய்யா இது, துணி காயப்போட்ட மாதிரி" என்கிறார். அவரையும் முழுக்கக் குறை சொல்ல முடியாது. போன வருஷம் ஒரு பம்பின் அட்டை கழன்று விழுந்து, எவனோ குப்பையோடு பெருக்கித் தள்ளிவிட்டான். பம்ப் உடைந்த பிறகுதான் அட்டையைத் தேடினோம். தும்பை விட்டு வாலைப் பிடித்த கதை.

அதனால் மூன்று விதமாகப் பார்த்தேன். கணக்குப் பிரிவுத் தம்பி எக்செலில் ஒன்று போட்டுக் கொடுத்தான். இரண்டு பேர் ஒரே நேரத்தில் திறந்தால் ஒருத்தர் எழுதினது காணாமல் போகிறது. இன்னொரு கம்பெனிக்காரன் கோட்டும் டையுமாக வந்து படம் காட்டினான். அவனுடைய சாஃப்ட்வேர் எல்லாவற்றையும் நாள் கணக்கில்தான் போடுமாம். இரவும் பகலும் ஓடுகிற பம்புக்கும் எப்போதாவது ஓடுகிற பம்புக்கும் ஒரே நாளில் கிரீஸ் வை என்கிறவனிடம் என்னத்தைப் பேச? உங்களுடையது இரண்டையும் எடுத்துக்கொள்கிறது. பேரிங், கிரீஸ், எண்ணெய் எல்லாம் ஓடிய மணிக்கணக்கில் வரும். கிரேன் பிரேக், பாதுகாப்பு வால்வு மாதிரி ஆள் உயிரோடு விளையாடுகிற சாமான்கள் ஓடினாலும் ஓடாவிட்டாலும் வருஷத்துக்கு ஒரு தடவை தேதி வைத்து வரும். எனக்குப் பிடித்தது. தங்கச்சி என்பதற்காகச் சொல்லவில்லை. தங்கச்சி என்பதால் இன்னும் நாலு குறை தேடினேன், அகப்படவில்லை.

ஒரே ஒரு நிபந்தனை. புதுசு வந்த பிறகும் கொஞ்ச காலம் பலகை கூடவே இருக்க வேண்டும். இரண்டும் ஒன்றைத்தான் சொல்கின்றன என்று என் கண்ணால் பார்த்த பிறகு இறக்கிக்கொள்ளலாம்.

ரேடியோ உன்னைக் கேட்டதாகச் சொல்லச் சொன்னான். ஞாபகம் இருக்கிறதா? கிரேனுக்குக் கீழே நின்று கை காட்டி உருளைகளை இறக்குகிறவன். நீ சின்னப் பெண்ணாக ஆலையைப் பார்க்க வந்தபோது தோளில் தூக்கிக்கொண்டு சுற்றினானே, அவன்தான். இப்போதும் வாயை மூடுவதில்லை. மெஷின் சத்தத்தில் ஒருத்தருக்கும் கேட்காது, ஆனாலும் நிலையம் மூடாது. அவன் வாயைப் பார்த்துப் பார்த்துத்தான் எனக்கு உதடு படிக்கவே வந்தது. காது போனதில் கிடைத்த ஒரே லாபம்.

உன் அண்ணன்

·

மார்ச் 2

அன்புள்ள அண்ணா,

ஆர்டர் வந்துவிட்டது! உங்கள் முதலாளி கையெழுத்துப் போட்டுவிட்டார். எங்கள் மேலதிகாரி என் மேஜைக்கே வந்து கைகொடுத்தார். உனக்கு எப்படி நன்றி சொல்வது என்றே தெரியவில்லை. அண்ணிக்கு வலி எண்ணெய் ஒரு பாட்டில் தனியாக அனுப்பியிருக்கிறேன்.

இனி வேலை. ஒவ்வொரு மெஷினுக்கும் நான் கேட்பது கொஞ்சம்தான். மெஷினின் பெயர், என்ன வேலை, எவ்வளவு காலத்துக்கு ஒரு தடவை, கடைசியாகச் செய்த தேதி. இந்தக் கடைசிக் கட்டம்தான் முக்கியம். அதிலிருந்து எண்ணித்தான் அடுத்த தேதியை சாஃப்ட்வேர் சொல்லும். மாதக் கடைசியில் தொடங்கியாக வேண்டும். எங்கள் பெரியவர்கள் எல்லோரும் உங்கள் ஆலைக்கு வருகிறார்கள், முதலாளி பொத்தானை அழுத்தப் போகிறார். சீக்கிரம் அனுப்பு.

உன் வாலு

·

மார்ச் 11

அன்புள்ள வாலுக்கு,

எண்ணெய் வந்தது. அண்ணி தடவிக்கொண்டு உன்னைப் புகழ்கிறாள். அதை மட்டும் சத்தமாகச் சொல்கிறாள்.

ஒரு சிக்கல். எங்கள் பலகைக்கு அடுத்து எப்போது என்றுதான் தெரியும், போனது எப்போது என்று தெரியாது. அட்டையில் யாரும் தேதி எழுதுவதில்லை, கொக்கி மாற்றுவதோடு சரி. பின்னோக்கி எண்ணிக் கண்டுபிடிக்க வேண்டும். ஒவ்வொரு அட்டையாக எடுத்து, செய்த ஆளைக் கேட்டு, சரிபார்த்து எழுத ஒரு மாதமாவது ஆகும். ஆட்களோ இப்போது மெஷின்களை நிறுத்திவைத்துப் பார்க்கிற வருடாந்திர நிறுத்த வேலையில் மூச்சு விட நேரமில்லாமல் இருக்கிறார்கள்.

அதனால் அவசரமானதை மட்டும் செய்திருக்கிறேன். வருஷத்துக்கு ஒரு தடவை வருகிற வேலைகளை மட்டும் ஒரு தாளில் எழுதி இதோடு வைத்திருக்கிறேன். அடுத்து எந்த மாதம் என்று பக்கத்தில் இருக்கிறது. கிரேன் பிரேக் ஜூன் கொக்கியில் தொங்குகிறது, அதற்குக் கீழே கோடு போட்டிருக்கிறேன். பம்புக்குக் கிரீஸ் கொஞ்சம் முன்னே பின்னே போனால் பம்ப் கத்தும், நமக்குத் தெரியும். கிரேன் பிரேக் கத்தாது. இவற்றை முதலில் ஏற்று. மற்றவை பின்னால் வரும்.

முடிந்தால் தொடங்குகிற நாளைத் தள்ளிப்போடேன். ஆழம் தெரியாமல் காலை விட வேண்டாம்.

உன் அண்ணன்

·

மார்ச் 19

அன்புள்ள அண்ணா,

தள்ளிப்போட முடியாது. அழைப்பெல்லாம் போய்விட்டது. நான் போய் "அட்டையில் தேதி இல்லை" என்று சொன்னால் சிரிப்பார்கள். என்னை நம்பிக் கொடுத்த முதல் ஆலை இது.

கவலைப்படாதே, ஒரு வழி இருக்கிறது. கடைசியாகச் செய்த தேதி என்ற கட்டத்தைக் காலியாக விட்டால் சாஃப்ட்வேர் ஏற்றுக்கொள்ளாது. அதனால் இப்போதைக்கு எல்லா வேலைக்கும் தொடங்குகிற நாளையே போட்டுவிட்டேன். எல்லாரும் இப்படித்தான் செய்வார்கள். தொடங்கிய பிறகு நீ அனுப்பிய தாளை வைத்து வருஷ வேலைகளை எங்கள் பிள்ளைகள் ஒவ்வொன்றாகத் திருத்திவிடுவார்கள். அது ஒரு அரைநாள் வேலை. நீ ஏற்புப் படிவத்தில் கையெழுத்து மட்டும் போட்டுவிடு.

பலகை விஷயம் முதலாளியிடமே பேசினேன். அந்தச் சுவரில்தான் பெரிய திரை மாட்டப் போகிறார்களாம். இரண்டு தோணியில் கால் வைக்காதே அண்ணா. ஆட்கள் பலகையைப் பார்க்கும் வரை திரையைப் பார்க்க மாட்டார்கள்.

விழாவுக்கு நானும் வருகிறேன். வீட்டுக்கு வந்தால் தெரிந்துவிடும், அதனால் ஓட்டலில்தான் தங்குவேன். அண்ணியிடம் நீயே பக்குவமாகச் சொல்.

உன் வாலு

·

ஏப்ரல் 10

அன்புள்ள வாலுக்கு,

விழா நன்றாக நடந்தது. "வணக்கம் சார், நான்தான் திட்டப் பொறுப்பு" என்று நீ என்னிடம் கைகொடுத்தபோது சிரிப்பை அடக்கப் பட்டபாடு எனக்குத்தான் தெரியும். ரேடியோ உன்னை அடையாளம் கண்டுகொண்டான். கண்ணைக் காட்டி அடக்கினேன். அவனை அடக்குவது லேசா? மூலையில் போய் நின்று தூணிடம் சொல்லிக்கொண்டிருந்தான். ஊருக்கு வந்தும் வீட்டுக்கு வரவில்லை என்று அண்ணிக்கு மனசு ஆறவில்லை. எனக்கும்தான்.

நீ கேட்ட ஏற்புப் படிவத்தில் கையெழுத்துப் போட்டுவிட்டேன். திரை முழுக்கப் பச்சையாக இருக்கிறது. முதலாளி வருகிறவர்களையெல்லாம் கூட்டிவந்து காட்டுகிறார். ஒரு மெஷின்கூட பாக்கி இல்லையாம். எனக்கென்னவோ எல்லாம் பச்சையாக இருப்பது பிடிக்கவில்லை. இருபது வருஷத்துக்கு மேலாக இந்த ஆலையைப் பார்க்கிறேன், ஒரு வேலையாவது பாக்கி இல்லாத நாளை நான் பார்த்ததில்லை.

பலகையை இறக்கிவிட்டார்கள். அட்டைகளை ஒரு சாக்கில் போட்டு ஸ்டோரில் வைக்கச் சொன்னேன். ஸ்டோர்க்காரன் அதைக் கழிவுத்தாளோடு சேர்த்துக் கூழ்த்தொட்டிக்கு அனுப்பிவிட்டான். காகித ஆலையில் பழைய அட்டைக்கு வேறென்ன கதி? இனி அந்த வருஷ வேலைத் தாள் உன்னிடம் இருப்பது மட்டும்தான். பத்திரம்.

உன் அண்ணன்

·

ஜூன் 8

அன்புள்ள வாலுக்கு,

மாப்பிள்ளைக்கு உடம்பு சரியாகிவிட்டதா? எழுது.

ஒன்று கேட்க வேண்டும். ஜூன் பிறந்துவிட்டது, கிரேன் பிரேக் திரையில் வரவில்லையே. உங்கள் பிள்ளைகள் வருஷ வேலைகளைத் திருத்திவிட்டார்களா, இல்லையா? உற்பத்தி மேலாளரிடம் "ஒரு நாள் கிரேனை நிறுத்தித் தாருங்கள், பிரேக்கைக் கழற்றிப் பார்க்கிறேன்" என்றேன். "திரையில சிவப்பு வரட்டும் சார், உடனே நிறுத்துறேன். பச்சையா இருக்கறப்ப நிறுத்தினா மேலே நான் என்ன பதில் சொல்றது?" என்கிறான். முன்பெல்லாம் அட்டையை எடுத்து அவன் மூக்குக்கு நேரே நீட்டுவேன். இப்போது கையில் ஒன்றுமில்லை.

மார்ச் நிறுத்தத்தின்போது கிரேனிலும் ஆட்கள் ஏறினார்கள். அப்போதே பிரேக்கையும் பார்த்துவிட்டார்களோ என்று எனக்கே ஒரு சந்தேகம். ஏறினவன் வேறு ஊருக்குப் போய்விட்டான். நீ தாளைப் பார்த்துச் சொல்லிவிட்டால் எனக்கு நிம்மதி.

உன் அண்ணன்

·

ஜூன் 17

அன்புள்ள அண்ணா,

திருத்தியாச்சு. எல்லாம் எப்போதோ திருத்தியாச்சு. திரையில் வரவில்லை என்றால் வேலை வரவில்லை என்று அர்த்தம். நீ சந்தேகப்பட்ட மாதிரி மார்ச்சிலேயே முடித்திருப்பார்கள். திரையை நம்பு அண்ணா, இல்லாவிட்டால் எதற்கு அதை வாங்கினீர்கள்?

இங்கே தலைக்கு மேல் வேலை. உங்கள் ஆலையைக் காட்டி இன்னும் நாலு ஆலை பிடித்திருக்கிறோம். அவருக்கு உடம்பு தேவலை. அண்ணிக்கு என் அன்பு.

உன் வாலு

·

ஆகஸ்ட் 22

வாலு,

ரேடியோவின் கால் போய்விட்டது.

முந்தாநாள் பகல் ஷிஃப்ட். உலர்த்தும் உருளை ஒன்றைக் கிரேனில் தூக்கி இறக்கிக்கொண்டிருந்தார்கள். ரேடியோ வழக்கம்போலக் கீழே நின்று கை காட்டிக்கொண்டிருந்தான். "நிறுத்து" என்று கையைக் காட்டினான், மேலே இருந்தவன் நிறுத்தினான், கிரேன் நிற்கவில்லை. பிரேக் பிடிக்காமல் வழுக்கிக்கொண்டே வந்தது. அவன் விலகினான், ஒரு கால் மாட்டிக்கொண்டது. நான் அந்தப் பக்கம் திரும்பி நின்றுகொண்டிருந்தேன். எனக்குக் கேட்கவில்லை. எல்லாரும் ஓடுவதைப் பார்த்துத்தான் திரும்பினேன்.

பிரேக்கைக் கழற்றிப் பார்த்தேன். பட்டை தேய்ந்து இரும்போடு இரும்பு உரசியிருக்கிறது. மார்ச்சில் யாரும் அதைத் தொட்டிருக்க முடியாது. போய்த் திரையைப் பார்த்தேன். கிரேன் பிரேக், கடைசியாகச் செய்த தேதி, விழா நடந்த அதே நாள். அடுத்தது வருகிற மார்ச். பச்சை.

திருத்தியாச்சு என்று எழுதினாயே அம்மா.

அண்ணன்

·

ஆகஸ்ட் 30

அன்புள்ள அண்ணா,

படித்ததிலிருந்து எனக்குச் சாப்பாடு இறங்கவில்லை. பாவம் ரேடியோ. என்னைத் தோளில் தூக்கிவைத்திருந்த மனுஷன். நல்லவேளை உயிருக்கு ஒன்றும் இல்லை.

நீ மனசைத் தளர விடாதே. பைத்தியக்காரத்தனமாக உன்னையே நொந்துகொள்வாய், எனக்குத் தெரியும். நடந்தது விபத்து. தூக்கிய சுமைக்குக் கீழே நிற்கக் கூடாது என்று எல்லா ஆலையிலும் எழுதிப் போட்டிருக்கிறார்கள். பிரேக் தேய்வதற்கு ஆயிரம் காரணம் இருக்கும். தேதி ஒன்றுதான் காரணம் என்று உன்னால் எப்படி உறுதியாகச் சொல்ல முடியும்?

திருத்தச் சொல்லி நான் பிள்ளைகளிடம் சொன்னேன். அவர்கள் செய்தார்கள் என்றுதான் நினைத்தேன். இதையெல்லாம் இப்போது தோண்டாதே. நன்றாகத் தூங்கு. அண்ணியிடம் சொல்லி மாத்திரையை வேளைக்குப் போடு.

உன் வாலு

·

செப்டம்பர் 6

அன்புள்ள வாலுக்கு,

தூக்கம் நன்றாகத்தான் வருகிறது. செவிடனுக்குத் தூக்கத்துக்கு என்ன குறை? விழிக்கும்போதுதான் கஷ்டம்.

விசாரணை அதிகாரி வந்தார். சாஃப்ட்வேரில் உள்ள பதிவை எடுத்துக்கொண்டார். அவர் எழுதி வைத்திருக்கிற முதல் அறிக்கையை எனக்குக் காட்டினார்கள். "இயந்திரத்தின் பராமரிப்பு உரிய காலத்தில் நடந்துள்ளது. நிலுவை ஏதும் இல்லை. தொழிலாளி சுமைக்கு அருகில் நின்றதே விபத்துக்குக் காரணம்." அதாவது என் மேலும் தப்பில்லை, முதலாளி மேலும் தப்பில்லை. காலை இழந்தவன்தான் குற்றவாளி. இதை அப்படியே விட்டால் அவனை வேலையைவிட்டு அனுப்பிவிடுவார்கள். தன் தப்பால் தன் காலைப் போக்கிக்கொண்டவன் என்று அவன் பெண்டாட்டி பிள்ளைகளிடமே சொல்வார்கள். மூச்சு விடுகிற நேரம் தவிர மற்ற நேரமெல்லாம் பேசுகிற மனுஷன், கேட்பார் இல்லாமல் உட்கார்ந்திருக்கிறான்.

அந்தத் தேதி உண்மையில்லை என்று நான் சொன்னேன். "எழுத்தில் காட்டுங்க" என்கிறார். அட்டைகள் கூழாகிவிட்டன. தாள் உன்னிடம் இருக்கிறது. ஏற்புப் படிவத்தில் இருப்பது என் கையெழுத்து, அதை நான் மறுக்கவில்லை. சரிபார்க்காமல் போட்டவன் என்று என்னை என்ன செய்தாலும் செய்யட்டும். உன்னிடம் கேட்பது ஒன்றே ஒன்று. "கடைசியாகச் செய்த தேதி தெரியாததால் தொடங்கிய நாளை நிரப்பினோம்" என்று உங்கள் கம்பெனித் தாளில் எழுதிக் கொடு. ஒரு வரி போதும் வாலு.

இதுவரை உன்னிடம் நான் எதையும் கேட்டதில்லை. இதைக் கேட்கிறேன்.

உன் அண்ணன்

·

செப்டம்பர் 15

அன்புள்ள அண்ணா,

தாளில் எழுதிக் கொடுப்பதெல்லாம் எங்கள் வக்கீலைக் கேட்காமல் முடியாது. ஆனால் கம்பெனி சார்பில் விசாரணைக்கு என்னையே அனுப்புகிறார்கள். நேரில் வந்து பேசுகிறேன். நான் பார்த்துக்கொள்கிறேன், நீ நிம்மதியாக இரு.

ஒரு விஷயம் மட்டும். அங்கே என்னைத் தெரிந்த மாதிரி காட்டிக்கொள்ளாதே. இப்போது தெரிந்தால் இரண்டு பேருக்கும் ஆபத்து. இந்த மாதம்தான் பிரிவுத் தலைவி பதவிக்குப் பெயர் போயிருக்கிறது.

உன் வாலு

·

அக்டோபர் 4

அன்புள்ள அண்ணா,

நல்லபடியாக ஊர் வந்து சேர்ந்தேன். ரொம்ப இளைத்துவிட்டாய். சட்டை தொளதொளவென்று தொங்குகிறது. அண்ணியைத் திட்டி எழுதலாம் என்று பார்த்தேன், பாவம், அவளுக்கே முடியவில்லை.

விசாரணை ஒருவழியாக முடிந்தது. உன் பெயருக்கு ஒரு சின்னக் கீறல்கூட இல்லை, அதைத்தான் நான் முக்கியமாகப் பார்த்தேன். அங்கே பேசினதில் பாதி உனக்குப் புரிந்திருக்காது. சடங்குக்கு நாலு கேள்வி கேட்டார்கள், சடங்குக்கு நாலு பதில் சொன்னேன், அவ்வளவுதான். அதை நினைத்துக் குழம்பாதே. ரேடியோவுக்கு நம்மால் ஆனதைத் தனியாகச் செய்வோம். ஒரு நல்ல செயற்கைக் கால் எங்கே கிடைக்கும் என்று விசாரித்துக்கொண்டிருக்கிறேன்.

என்னை வளர்த்து ஆளாக்கினவன் நீ. உனக்குக் கெடுதல் வர விடுவேனா? எனக்குப் பதவி உறுதியாகிவிட்டது, இன்னும் யாருக்கும் சொல்லவில்லை. முதலில் உனக்குத்தான்.

உன் வாலு

·

அக்டோபர் 12

தங்கைக்கு,

நான் இளைத்துவிட்டேன் என்று எழுதியிருக்கிறாய். நீ என்னைப் பார்த்தாயா? நான் உன்னையே பார்த்துக்கொண்டிருந்தேன், நீ என் பக்கம் திரும்பவே இல்லையே.

தேதிகளைக் கொடுத்தது யார் என்று அதிகாரி உன்னிடம் கேட்டார். அதுவரை நேராக உட்கார்ந்திருந்தவள், நாற்காலியை நகர்த்தி முதுகை என் பக்கம் வைத்துக்கொண்டு பதில் சொன்னாய். நான் உதடு படிப்பேன் என்று தெரிந்தவள் அந்த அறையில் நீ ஒருத்திதான். அதிகாரிக்குத் தெரியாது, முதலாளிக்கே தெரியாது. உன் முதுகைப் பார்த்ததுமே எனக்குப் பதில் தெரிந்துவிட்டது. ஒரு வாரம் கழித்து அறிக்கை வந்தது. "தேதிகள் அனைத்தும் ஆலைத் தரப்பிலிருந்து பெறப்பட்டவை என நிறுவனப் பிரதிநிதி தெரிவித்தார்." முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைக்கிறவர்கள்கூடக் கொஞ்சம் கூச்சப்படுவார்கள். நீ கூச்சப்பட்டாய் என்பதற்கு அந்த நாற்காலி ஒன்றுதான் சாட்சி.

மார்ச் மாதம் நீ எழுதிய கடிதம் என் பெட்டியில் இருக்கிறது. "எல்லா வேலைக்கும் தொடங்குகிற நாளையே போட்டுவிட்டேன்" என்று உன் கையால் எழுதினது. அண்ணி அதை எடுத்து என் கையில் வைத்து, "கொண்டுபோய்க் காட்டுங்க" என்றாள். என்னால் முடியவில்லை. அந்தக் கடிதத்தை எழுதினவள் என் தங்கச்சி. அந்த அறைக்கு வந்தவள் யாரோ. யாரோ ஒருத்திக்காகத் தங்கச்சியைக் காட்டிக்கொடுக்க மனசு வரவில்லை.

அதனால் நேற்று நானே அதிகாரியிடம் போனேன். பிரேக் ஜூனில் செய்ய வேண்டியது, செய்யவில்லை, தேதி பொய் என்றேன். பொய்த் தேதியைக் கொடுத்தது யார் என்றார். நான்தான் என்றேன். எழுதி வாங்கிக்கொண்டார்.

பாசத்தில் செய்தேன் என்று நினைத்துவிடாதே. உன் பெயரைச் சொன்னால் உன் கம்பெனி வக்கீல் வைத்து வருஷக்கணக்கில் இழுப்பார்கள், அதற்குள் ரேடியோ கிழவனாகிவிடுவான். என் பெயர் என்றதும் சட்டென்று முடிந்தது. அவன் மேல் தப்பில்லை என்று அறிக்கையை மாற்றுகிறார்கள். என்னை இன்று காலை வேலையைவிட்டு அனுப்பிவிட்டார்கள்.

வழியில் ரேடியோ வீட்டுக்குப் போனேன். எனக்கு முன்னாலேயே செய்தி போய்ச் சேர்ந்திருந்தது. பொய்த் தேதியைக் கொடுத்தது நான்தான் என்று அவனும் நம்பிவிட்டான். நம்பாமல் என்ன செய்வான், நானே எழுதிக் கொடுத்திருக்கிறேனே. எதிரில் உட்கார்ந்து வெகு நேரம் அவன் வாயையே பார்த்துக்கொண்டிருந்தேன். திட்டினாலாவது படித்துக்கொள்ளலாம் என்று. அவன் வாயைத் திறக்கவே இல்லை. ஆலையில் எனக்குக் கேட்ட ஒரே குரல் அவனுடையதுதான்.

எழுதாதே என்று சொல்ல மாட்டேன். எழுதினால் படிப்பேன். பதில் வராது.

அண்ணன்

·

பிப்ரவரி 3

அன்புள்ள அண்ணா,

உன் அக்டோபர் கடிதத்துக்குப் பிறகு நான் போடுகிற நான்காவது கடிதம் இது. மூன்றுக்கும் நீ பதில் போடவில்லை. அண்ணிக்குப் போன் செய்தேன், "அவர் நல்லா இருக்கார்" என்று மட்டும் சொல்லி வைத்துவிட்டாள். வீட்டில் உட்கார்ந்து நாளெல்லாம் என்ன செய்கிறாய்? முழங்காலுக்கு இன்னும் ஒரு பாட்டில் எண்ணெய் அனுப்பியிருக்கிறேன். போன தடவை அனுப்பினது திரும்பி வந்துவிட்டது. விலாசம் தப்பாக எழுதிவிட்டேன் போலிருக்கிறது.

கோபம் ஆறும், எனக்குத் தெரியும். சின்ன வயசில் உன் பேனாவை உடைத்துவிட்டுக் கட்டிலுக்கு அடியில் ஒளிந்துகொண்டேனே, அன்றைக்குச் சாயங்காலமே நீ வந்து கூப்பிட்டாய்.

உனக்கு ஒரு நல்ல செய்தி. இந்த மாதம் எங்கள் சாஃப்ட்வேரின் புதுப் பதிப்பு வருகிறது. கடைசியாகச் செய்த தேதி என்ற கட்டத்தை இனிமேல் காலியாக விடலாம். காலியாக விட்டால் அந்த வேலை சிவப்பில் நிற்கும், பக்கத்தில் "தெரியாது" என்று காட்டும். யாராவது போய்ப் பார்த்துவிட்டு வந்து எழுதும் வரைக்கும் பச்சையாகாது. நான் பதவிக்கு வந்ததும் முதலில் போட்ட உத்தரவு இதுதான். ஏன் எதற்கு என்று கூட்டத்தில் கேட்டார்கள், ஒரு ஆலைக்காரர் யோசனை சொன்னார் என்றேன். உனக்காகத்தான் செய்தேன் அண்ணா. அந்த ஆலைக்காரர் யார் என்று யாருக்கும் தெரியாது.

கண்டிப்பாகப் பதில் எழுது. நீளமாக வேண்டாம். ஒரு வரி போதும்.

உன் வாலு